கோழிக் காலில் காவித்துணி

அத்தியாயம் 11

பத்து.

சகாயமேரி நொய்க் கிண்ணத்தைத் துவைக்கிற கல்மேல் வைத்துவிட்டு மறுபடியும் எண்ணினாள். ஓரிடத்தில் நிற்கிற ஜாதியா கோழி? ஒன்று முருங்கை மரத்தடிக்கு ஓடும், இன்னொன்று கிணற்றுக் கட்டையில் ஏறும். ஆனாலும் அவளுக்கு ஒவ்வொன்றும் அத்துப்படி. கிராப்புக் கழுத்து இருந்தது. புள்ளிப்பெட்டை இருந்தது. சரியாகக் கூவ வராமல் தொண்டை கட்டியவன் மாதிரி கத்துகிற செவலைச் சேவல் இருந்தது. எப்போதும் கடைசியில் வரும் நொண்டிகூட வந்துவிட்டது.

கறுப்பு வெடக்கோழியைத்தான் காணோம். முந்தாநாள்தான் அதற்குக் கொண்டை சிவக்க ஆரம்பித்திருந்தது.

"அஞ்சாவது" என்றாள் வாய்விட்டு.

ஆவடிப் பக்கத்துக் கோவில்பதாகையில் அந்தக் கடைசித் தெருவுக்கே தெரிந்த கதைதான். நாற்பது நாள் தபசு காலத்தில் இரண்டு கோழிகளை அடை வைத்தாள். கூடையில் மணல், மணல்மேல் வைக்கோல், இடி இடித்தால் முட்டை கெடக்கூடாதென்று ஒரு கரித்துண்டு, ஒரு துருப்பிடித்த ஆணி. ஈஸ்டருக்கு முன் இருபத்தொரு குஞ்சு பொரித்தது. பருந்துக்கு மூன்று, மழையில் நனைந்து இரண்டு, கீரிக்கு ஒன்று என்று போக, பதினைந்து தேறியது. அந்தப் பதினைந்துக்கும் கரையான் தட்டிப் போட்டு, நொய் ஊறவைத்துப் போட்டு, ஒயர் கூடையில் தூக்கிக்கொண்டு ஆவடி மாட்டாஸ்பத்திரிக்கு நடந்து வெள்ளைக்கழிச்சலுக்குச் சொட்டு மருந்து விட்டு... சொன்னால் சிரிப்பீர்கள், ராத்திரி மழை பெய்தால் தன் புடவையை எடுத்துப் போய்க் கூட்டின்மேல் போர்த்திவிட்டு வந்தவள் அவள்.

எல்லாம் ஒரே ஒரு நாளுக்காக. ஆகஸ்ட் பதினைந்து, மாதா பண்டிகை அன்று மகள் ஜெசிந்தாவுக்குப் புதுநன்மை, முதல் தடவையாக நற்கருணை வாங்குகிற நாள். மே மாதமே நடந்திருக்க வேண்டியது. வெள்ளைக் கவுன் தைத்து, தலைக்குப் பூக்கிரீடம் வாங்கி வைத்த பிறகு பிள்ளைக்கு அம்மை போட்டுவிட்டது. மற்றப் பிள்ளைகள் மெழுகுவத்தி பிடித்துக்கொண்டு பீடத்துக்குப் போன ஞாயிற்றுக்கிழமை, ஜெசிந்தா வேப்பிலைமேல் கண் திறக்காமல் கிடந்தாள். பிழைத்ததே பெரிது. "இதுங்க வளரட்டும், தெருவுக்கே கோழிக்கொழம்பு ஊத்தறேன்" என்று குஞ்சுகளைக் காட்டி அன்றைக்குச் சொன்ன சொல்.

சொன்ன சொல்லைத்தான் யாரோ சனிக்கிழமைக்கு ஒன்றாகத் தூக்கிக்கொண்டு போகிறார்கள்.

கீரி என்றால் இறகு கிடக்கும். பூனை என்றால் மற்றக் கோழிகள் போடுகிற கூச்சலில் தெருவே எழுந்துவிடும். இறகும் இல்லை, ரத்தமும் இல்லை, ஒரு கொக்கரிப்பும் இல்லை. கை வைத்தது மனுஷக் கை. அதுவும் கோழிகளுக்குப் பழகின கை.

மூன்றாவது கோழி போனதும் சகாயமேரி ஒரு வேலை செய்தாள். வேளாங்கண்ணிக்கு நடந்து போனபோது கட்டிய பழைய காவிப் புடவையை எடுத்து நாத்தனார் ஞானகுமாரியிடம் கொடுத்தாள். தையல்காரியான ஞானகுமாரி அதை விரல் அகலத் துண்டுகளாக வெட்டித் தந்தாள். கோழிக்கு ஒரு துண்டு, வலது காலில், இரட்டை முடிச்சு. அதற்குப் பிறகு தெருவில் எங்கே மேய்ந்தாலும் மேரி ஊட்டுக் கோழி என்று சின்னப் பிள்ளைகூடச் சொல்லும்.

அடையாளம் கட்டியும் போன வாரம் நாலாவது போயிற்று. அன்றைக்குத்தான் புருஷன் பாஸ்கல், பேக்டரியிலிருந்து வந்து சைக்கிளை நிறுத்தியபடியே அந்த வார்த்தையைச் சொன்னான்.

"கீரியும் இல்ல, பூனையும் இல்ல மேரி. பக்கத்து ஊட்டுக் கூடையத் தூக்கிப் பாரு."

சொல்லிவிட்டுச் சிரித்தான். அவன் சிரித்துவிட்டுப் போய்ச் சாப்பிட உட்கார்ந்துவிட்டான். அவளுக்குத்தான் ஒரு வாரமாகச் சோறு இறங்கவில்லை.

பக்கத்து வீடு என்றால் சாமுண்டீஸ்வரி வீடு. ஊர் பிளாட் பிளாட்டாகப் போவதற்கு முன் அங்கே நெல் விளைவித்த குடும்பம். பாஸ்கல் வீடு கட்டிய மனையே சாமுண்டீஸ்வரியின் புருஷன் எத்திராஜ் விற்றதுதான். இரண்டு வீட்டுக்கும் நடுவில் வேலி உண்டு, வேலியில் ஒரு ஆள் நுழைகிற சந்து உண்டு. அதை எந்த மாடும் முட்டித் திறக்கவில்லை. குழம்புக் கிண்ணமும் ஊர் வம்பும் வந்து போவதற்காக இரண்டு பெண்களும் சேர்ந்து முள்ளை விலக்கி உண்டாக்கியது.

அந்தச் சந்து வழியாகத்தான் இப்போது சகாயமேரியின் கண் போயிற்று.

சாமுண்டீஸ்வரி வீட்டுக் கொல்லையில் மற்றக் கோழிகள் மேய்ந்துகொண்டிருந்தன. ஓரமாக ஒரு கூடை தனியே கவிழ்த்து வைத்திருந்தது. கூடையின் கண்களுக்கு நடுவே கறுப்பாக ஏதோ அசைந்தது.

கறுப்பு!

எப்போது சந்தில் நுழைந்தாள், முள் எங்கே கிழித்தது, ஒன்றும் அவளுக்குத் தெரியாது. கூடையைத் தூக்கினாள். கறுப்பு வெடக்கோழி. வலது காலில் துணி. வெளுத்துப்போன காவி.

"அடிப்பாவி!"

கோழியை இடுக்கிக்கொண்டு முடிச்சை அவிழ்க்க ஆரம்பித்தாள். தெருக்குழாயிலிருந்து குடத்தை இடுப்பில் வைத்துக்கொண்டு வந்த சாமுண்டீஸ்வரி அதைப் பார்த்ததும் குடத்தை அப்படியே கீழே போட்டுவிட்டு ஓடி வந்தாள்.

"மேரி! அவுக்காதே! அத்த அவுக்காதேடீ!"

"ஏன்? அவுத்தா அடையாளம் பூடுமா?"

முடிச்சு அவிழ்ந்தது. சாமுண்டீஸ்வரி தலையில் கை வைத்துக்கொண்டாள்.

"இன்னா காரியம் பண்ணிட்டே... அது ஆத்தாளுக்கு உட்ட கோழிடீ."

"ஆத்தா பேரச் சொல்லிட்டா நான் பயந்துடுவனா? அஞ்சு வாரமா பைத்தியம் மாரி வேலி வேலியா தேடிக்கினு கீறேன். நீயும் கூட வந்து தேடுனியே அக்கா! எம் பொண்ணு பண்டிகைக்கு வெச்சத கூடையில கவுத்து வெச்சிக்கினு, எங்கூடவே தேடுனியே!"

குழாயடியில் வரிசையில் நின்ற பெண்கள் குடத்தைப் போட்டது போட்டபடி வேலியோரம் வந்துவிட்டார்கள். முன்னால் நாகம்மா. ஊரில் எந்தச் சண்டைக்கும் முதல் டிக்கெட் வாங்குகிறவள்.

"இன்னா மேரி, கெடச்சிடுச்சா?" என்றாள் நாகம்மா. எரிகிற அடுப்பில் சுள்ளி வைப்பது என்றால் இதுதான்.

"கெடச்சிடுச்சு. கோழியும் கெடச்சிது, திருடியும் கெடச்சா."

சொல்லிவிட்டாள். வாயிலிருந்து போன பிறகு அதைப் பிடித்து இழுக்க முடியுமா?

சாமுண்டீஸ்வரியின் முகம் செத்துப்போயிற்று. பத்து வருஷப் பழக்கத்தில் சகாயமேரி அப்படி ஒரு முகத்தை அவளிடம் பார்த்ததில்லை.

"என்னப் பாத்தா சொன்னே?"

"உன்னத்தான்."

சாமுண்டீஸ்வரி ஏதோ சொல்ல வாயைத் திறந்தாள். அந்த நேரம் பார்த்து எத்திராஜ் பால் ஊற்றிவிட்டுத் திரும்பி, காலிக் கேனோடு சைக்கிளைத் தள்ளிக்கொண்டு உள்ளே வந்தான். நடந்தது ஒரு பார்வையில் புரிந்துவிட்டது அவனுக்கு. பெண்டாட்டியைப் பார்த்து வேண்டாம் என்று தலையை மட்டும் ஆட்டினான். திறந்த வாயை அவள் மூடிக்கொண்டாள்.

இதைச் சகாயமேரி பார்த்தாள். நன்றாகப் பார்த்தாள். புருஷன் பெண்டாட்டி இரண்டு பேரும் கூட்டு என்று அந்தத் தலையாட்டலுக்கு அவளே அர்த்தமும் எழுதிக்கொண்டாள்.

"பேச வாய் கீதா பாருங்க" என்றாள் கூட்டத்தைப் பார்த்து.

"உடு. எடுத்துக்கினு போவட்டும்" என்றான் எத்திராஜ்.

சகாயமேரி கோழியோடும் துணியோடும் சந்து வழியே திரும்பினாள். ஜெயித்தவள் மாதிரிதான் நடந்தாள்.



வீட்டுக்கு வந்து கறுப்புக் கோழியைத் தன் கோழிகளுக்கு நடுவே விட்டாள்.

அடுத்த நிமிஷம் கொல்லை ரணகளமாயிற்று. கிராப்புக் கழுத்து பறந்து வந்து அதன் தலையில் கொத்தியது. புள்ளிப்பெட்டை இறகைப் பிடித்து இழுத்தது. கூவத் தெரியாத செவலைகூட நெஞ்சை நிமிர்த்திக்கொண்டு துரத்தியது. கறுப்புக் கோழி துவைக்கிற கல்லுக்குப் பின்னால் போய்த் தலையை நுழைத்துக்கொண்டது.

"ச்சீ! இன்னா ஆச்சு ஒங்களுக்கு? நேத்து ராத்திரி ஒண்ணாத்தானே தூங்குனீங்க?"

கேட்டுவிட்டு அப்படியே நின்றாள்.

ஒரே அடையில் பொரித்து, ஒரே கூட்டில் அடைந்து, ஒரே கிண்ணத்தில் தின்ற கோழியை எந்தக் கோழியாவது இப்படிக் கொத்துமா? வெளியாளைத்தான் கொத்தும். கோழிகளுக்கு இந்த விஷயத்தில் பொய் சொல்ல வராது.

கையை விரித்துப் பார்த்தாள். விரல் நுனி எல்லாம் மஞ்சள்.

காவி ஒட்டாது. நாலு வருஷம் துவைத்த புடவை, அதில் ஒட்டுவதற்குச் சாயம் ஏது?

"ஞானம்! ஏ ஞானம்!"

முன் அறையில் தையல் மெஷின் நின்றது. ஞானகுமாரி கழுத்தில் இஞ்சு டேப்போடு வந்தாள். பாஸ்கலின் தங்கை, இருபத்தேழு வயது. அதிகம் பேச மாட்டாள். பேசினால் அளந்து வெட்டினது மாதிரி இருக்கும்.

சகாயமேரி துணியை நீட்டினாள். ஞானகுமாரி அதை வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்தாள். ஒரு ஓரம், மறு ஓரம்.

"இது நான் வெட்டுன துணி இல்ல அண்ணி."

"நல்லாப் பாரு."

"பாக்கறதுக்கு இன்னா கீது? நூல் பிரியாம இருக்கணும்னு நான் பல்லு கத்திரியில வெட்டுனேன். ஓரம் பூரா நெளிநெளியா இருக்கும். தோ, நொண்டிக் கால்ல கீறதப் பாருங்க. இது கையால கிழிச்சது. மஞ்சத் தண்ணியில நனச்சிக் கட்டிக்கீறாங்க." சற்று நிறுத்தினாள். "ஆடி மாசம் அண்ணி. நேந்து உட்ட கோழிக்குத்தான் இப்டிக் கட்டுவாங்க."

"எனக்கு எப்டிடி தெரியும்? நம்ப கோயில்ல இதெல்லாம் உண்டா? மங்கலா கீது, கால்ல கீது, கறுப்பு வேற..."

"அது என் கோழிம்மா."

கதவோரத்தில் ஜெசிந்தா நின்றிருந்தாள். அம்மைத் தழும்பு இன்னும் கன்னத்திலிருந்து போகவில்லை.

"உன் கோழியா?"

"எனக்கு அம்மை போட்டப்ப சாமுண்டி பெரிம்மா வேண்டிக்கிச்சாம். புள்ள எழுந்து நடந்தா எல்லையம்மனுக்குக் கறுப்புக் கோழின்னு. நாளைக்குக் கூழ் ஊத்தறாங்கல்ல, அதுக்குத்தான் தனியா வெச்சிருக்கு. எனக்கு மட்டும் காட்டுச்சு."

"எங்கிட்ட ஏன் சொல்லல?"

"உங்கிட்ட சொன்னா நீ பாவசங்கீர்த்தனத்துல போய்ச் சொல்லுவியாம். ஃபாதர் உன்னத் திட்டுவாராம். அதுக்குத்தான் சொல்ல வேணான்னுச்சு."

சகாயமேரி துவைக்கிற கல்மேல் உட்கார்ந்துவிட்டாள்.

அம்மை போட்ட வீட்டு வாசலைத் தாண்டக்கூட மற்றவர்கள் யோசித்த நாட்கள். தினம் வேப்பிலை ஒடித்து வந்தவள் யார்? இளநீர் வெட்டி வந்தவள் யார்? பிள்ளைக்கு நினைவு தப்பின ராத்திரி இவள் ஜெபமாலையை உருட்ட, அந்தப் பக்கத்தில் உட்கார்ந்து பிள்ளையின் உள்ளங்காலைத் தேய்த்துக்கொண்டே இருந்தவள் யார்? அவளைத்தான் நாகம்மா முன்னால் வைத்துத் திருடி என்றாள். சொன்ன வாயை என்ன செய்தால் தகும் என்று அவளுக்குத் தோன்றவில்லை. அழத்தான் தோன்றியது. அழுதாள்.



அழுதாலும் சனிக்கிழமை சனிக்கிழமைதான். பாஸ்கல் வாரத்துக்கு ஒரு ஜோடி காக்கி போடுவான். சனிக்கிழமை விடியலில் புது ஜோடியைப் போட்டுக்கொண்டு போவான், பழையது ஆணியில் தொங்கும். அதைத் துவைத்தால்தான் அடுத்த சனிக்கிழமைக்கு ஆகும்.

பக்கெட்டில் சோப்புத்தூள் கரைத்துவிட்டு வழக்கம்போல் பைகளை உதறினாள். நட்டு ஒன்று, எண்ணெய் துடைத்த பஞ்சு, பீடித்துண்டு. கால்சட்டையின் பின் பையில் சுருட்டி வைத்த ஏதோ ஒன்று.

பிரித்தாள்.

விரல் அகலக் காவித்துணி. ஓரம் பூராவும் நெளி நெளியாக. நடுவில் இரட்டை முடிச்சு இறுகியிருந்த தடம். மடிப்பில் ஒட்டிக்கொண்டு ஒரு சின்ன சாம்பல் இறகு.

போன வாரம் காணாமல் போன நாலாவது கோழி சாம்பல் நிறம்.

சகாயமேரிக்கு ஒவ்வொன்றாக நினைவுக்கு வந்தது. விடியலில் கூட்டுப் பலகையைத் தூக்குவது யார்? பாஸ்கல். கோழிகள் கத்தாமல் யார் கைக்குப் போகும்? தினம் பலகையைத் தூக்குகிற கைக்கு. சனிக்கிழமை அரை நாள்தான் வேலை என்றாலும் ஓவர்டைம் என்று சாயங்காலம் நாலரை மணிக்கு வருவது யார்? சனிக்கிழமை மட்டும் சோற்றுப் பையை விட்டுவிட்டு ஒயர் கூடையை எடுத்துப்போவது யார்? 'டப்பா சாயாம இருக்குது மேரி' என்று அதற்கு ஒரு காரணம் வேறு.

பழகின கை, பழகின கை என்று ஒரு வாரமாகச் சொல்லிக்கொண்டிருந்தாளே. அந்தக் கைக்குத்தான் தினமும் சோறு பரிமாறியிருக்கிறாள்.

துணியை எடுத்துக்கொண்டு முன் அறைக்குப் போனாள். மெஷின் ஓடிக்கொண்டிருந்தது.

"ஞானம், உனக்குத் தெரியுமா?"

ஞானகுமாரி துணியைப் பார்த்தாள். கால் மிதிப்பதை நிறுத்தியது.

"எங்க இருந்துச்சு?"

"உங்க அண்ணன் பாக்கெட்டுல. நான் கேட்டதுக்குப் பதில் சொல்லு."

"எனக்கு ஒண்ணும் தெரியாது அண்ணி."

"என்னப் பாத்துச் சொல்லு."

ஞானகுமாரி ஊசியில் நூல் கோக்கத் தலையைக் குனிந்தாள். நூல் ஏற்கெனவே ஊசியில்தான் இருந்தது. சகாயமேரி அதையும் பார்த்துக்கொண்டாள்.



நாலரைக்குப் பாஸ்கல் வந்தான். சைக்கிள் ஹேண்டில்பாரில் ஒயர் கூடை. உள்ளே சோற்று டப்பா மட்டும்.

காபி டம்ளரைக் கொண்டுவந்து வைத்தாள். பக்கத்தில் காவித்துணியையும் வைத்தாள்.

டம்ளருக்குப் போன கை பாதியில் நின்றது.

"கறுப்பு இன்னிக்கு நல்லா போச்சா? கத்துச்சா, கத்தலியா?"

"மேரி..."

"யாருக்குக் குடுத்தீங்க?"

"அது மட்டும் கேக்காதே."

"சரி, கேக்கல. இத்தச் சொல்லுங்க. பக்கத்து ஊட்டுக் கூடையத் தூக்கிப் பாருன்னு எதுக்குச் சொன்னீங்க?"

"சும்மா வாயில வந்துச்சு. நீ துருவித் துருவிக் கேட்டுக்கினே இருந்தியா... நெசமா போய்த் தூக்குவேன்னு நான் நெனக்கல."

"தூக்குனேன். காலையில தூக்குனேன். தெருவே பாத்துச்சு. அக்காவத் திருடின்னு சொன்னேன்." துணியை அவன் பக்கம் தள்ளினாள். "உங்களுக்குச் சும்மா வாயில வந்துச்சு. எனக்கு அப்டி வர்ல. நெஞ்சு எரிஞ்சி வந்துச்சு. ஒரு வாரம் நீங்க மூட்டுன எரிச்சல்."

பாஸ்கல் தலையைக் கவிழ்த்துக்கொண்டான். பெரிய ஆள். பேக்டரியில் கிரேன் ஓட்டுகிறவன். சின்னப் பையன் மாதிரி கால் விரலைப் பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருந்தான். சகாயமேரிக்கு அவன்மேல் இரக்கம் வந்தது, வந்ததற்காகத் தன்மேலேயே கோபமும் வந்தது.

"எழுந்திரிங்க."

"எங்க?"

"அஞ்சு மணித் தண்ணி வர்ற நேரம். தெருக்குழாயாண்ட எல்லாரும் இருப்பாங்க. எங்க சொன்னேனோ அங்கதான் போய்த் தீக்கணும். குடத்த எடுங்க."



குழாயடியில் வரிசை நீளமாக இருந்தது. சாமுண்டீஸ்வரி கடைசியில் தனியாக நின்றிருந்தாள். அவளுக்கு முன்னால் நின்றவர்கள் ஒரு முழம் தள்ளியே நின்றார்கள். ஒரு நாளுக்குள் ஒரு சொல் எவ்வளவு வேலை செய்கிறது பாருங்கள்.

ஒரு கையில் குடத்தோடு பாஸ்கலும், இடுப்பில் கறுப்புக் கோழியோடு சகாயமேரியும் வருவதைப் பார்த்ததும் பேச்சு அடங்கியது. குழாயடிக்கு ஆம்பளை குடம் தூக்கி வருவதே அந்தத் தெருவில் அதிசயம்.

"சொல்லுங்க" என்றாள் சகாயமேரி.

பாஸ்கல் குடத்தைக் கீழே வைத்தான்.

"மேரி கோழிங்கள எடுத்தது நாந்தான். அஞ்சையும் நாந்தான் எடுத்தேன். சாமுண்டிக்காவுக்கும் இதுக்கும் ஒரு சம்பந்தமும் இல்ல."

"ஐயே! சொந்த ஊட்டுக் கோழிய எதுக்கு அண்ணாத்தே திருடுனே?" என்றாள் நாகம்மா.

அவன் காது மடல் சிவந்துபோயிற்று.

சகாயமேரி வரிசையைத் தாண்டி நேராக சாமுண்டீஸ்வரி முன்னால் போய் நின்றாள். காலையிலிருந்து மனசுக்குள் கோத்து வைத்த வார்த்தை எல்லாம் அவிழ்ந்து கொட்டிவிட்டது.

"அக்கா, தெரியாம சொல்லிட்டேன். மஞ்சளுக்கும் காவிக்கும் வித்தியாசம் தெரியாத குருடி நான். ஜெசிந்தா சொல்லுச்சு, இது யாருக்கு நேந்ததுன்னு. என்ன நாலு அறை அறைஞ்சிடு. இங்கயே அறை."

சாமுண்டீஸ்வரி அறையவும் இல்லை, அணைத்துக்கொள்ளவும் இல்லை. கோழியைப் பார்த்தாள். அதன் தலையில் கொத்துப்பட்ட இடத்தை விரலால் தடவினாள்.

"கொத்திக்கீதுங்களா?"

"ஆமாக்கா."

"நாளைக்கு ஆத்தாளுக்குப் போற கோழி. துணி அவுந்து கெடக்குது. நீ மன்னிப்புக் கேட்டா எனக்குச் சரியாப் பூடும். ஆத்தாளுக்குச் சரியாவுமா?"

"இன்னா செய்யணும்? சொல்லுக்கா."

"அவுத்த கைதான் கட்டணும்."

சகாயமேரி ஞாயிற்றுக்கிழமை தவறாமல் பூசைக்குப் போகிறவள், கோயிலில் மரியாயின் சேனை சங்கத்தில் இருக்கிறவள் என்று எல்லாருக்கும் தெரியும். எல்லையம்மனுக்கு நேர்ந்த கோழிக்கு அவள் மஞ்சள் துணி கட்டுவாளா? நாகம்மா கண் கொட்டாமல் பார்த்தாள்.

சகாயமேரி கேள்வியே கேட்கவில்லை.

"மஞ்சள் குடு."

இரண்டு பேரும் சாமுண்டீஸ்வரி வீட்டுக் கொல்லைக்கு வந்தார்கள். சாமுண்டீஸ்வரி கிண்ணத்தில் மஞ்சள் குழைத்துக் கொடுத்தாள். சகாயமேரி துணியை நனைத்துப் பிழிந்தாள். சாமுண்டீஸ்வரி கோழியைப் பிடித்துக்கொள்ள, இவள் கீழே மண்டியிட்டு அதன் காலில் சுற்றினாள். கோயிலில் மண்டியிடுகிறவளுக்கு மண்டியிடுவது புதிதில்லை. கோழி முன்னால் மண்டியிடுவதுதான் புதிது. எம் பொண்ணு எழுந்து நடந்தாளே, அதுக்கு, என்று மட்டும் மனசுக்குள் சொல்லிக்கொண்டாள். எந்தச் சாமியிடம் சொன்னாள் என்று அவளுக்கே தெரியாது.

"ரெட்ட முடிச்சுப் போடு. நீதான் நல்லாப் போடுவியே" என்றாள் சாமுண்டீஸ்வரி. காலையிலிருந்து அவள் முகத்தில் முதல் தடவையாகச் சிரிப்புக்குப் பக்கத்தில் ஏதோ வந்தது.

முடிச்சை இழுத்துக்கொண்டே சகாயமேரி கேட்டாள்.

"அக்கா, காலையில நான் கத்துனப்போ நீ இன்னாவோ சொல்ல வாயத் தொறந்தே. அண்ணன் தலைய ஆட்டுனாரு. மூடிக்கினே. இன்னா சொல்ல வந்தே?"

"ஒண்ணும் இல்ல. உடு."

"ஜெசிந்தா மேல சத்தியமா சொல்லு."

சாமுண்டீஸ்வரி வேலிப்பக்கம் பார்த்தாள். பிறகு குரலைத் தாழ்த்தினாள்.

"உம் புருஷன் எடுக்கறது எங்களுக்கு மொதல்லியே தெரியும் மேரி. எங்க ஊட்டுக்காரரு வெள்ளானூருக்குப் பால் ஊத்தப் போறாருல்ல? ஏரிக்கரையாண்ட கடைசி ஊடு. சனிக்கிழம சனிக்கிழம அங்க உம் புருஷன் சைக்கிள் நிக்குதாம். கோழிய வாங்கிக்கறது ஒரு பொம்பள."

சகாயமேரியின் கை முடிச்சிலேயே நின்றது.

"காலையிலயே இத்தச் சொல்லியிருந்தா உம் பேரு அப்பவே தப்பிச்சிருக்குமேக்கா."

"தப்பிச்சிருக்கும். அந்தக் கூட்டத்துல நின்னுக்கினு இருந்த நீ இன்னா ஆயிருப்பே?"

திருடி என்று கேட்டுக்கொண்டு நின்றவள், தன் பேரைக் காப்பாற்ற ஒரு வாக்கியம் கையில் இருந்தும், சகாயமேரிக்காக அதை விழுங்கியிருக்கிறாள். சகாயமேரி சாமுண்டீஸ்வரியின் மஞ்சள் கையைப் பிடித்துத் தன் முகத்தில் வைத்து அழுத்திக்கொண்டாள். முகமெல்லாம் மஞ்சளாயிற்று.

பிறகு எழுந்தாள். புடவையில் மண்ணைத் தட்டிவிட்டுத் தெருக்குழாய்க்கு நடந்தாள்.

பாஸ்கல் அங்கேயே நின்றிருந்தான். அவன் முறை வந்து, குடம் குழாயடியில் இருந்தது. நிரம்பி வழிந்துகொண்டிருந்ததை அவன் கவனிக்கவில்லை. பெண்டாட்டியின் மஞ்சள் முகத்தைப் பார்த்ததும் குடத்தைத் தூக்கி அவசரமாகத் தோளில் வைத்தான்.

"முடிஞ்சிதா மேரி? போலாமா?"

"போலாம். அடுத்த சனிக்கிழமக்கு எந்தக் கோழி வேணும்னு இப்பவே சொல்லிடுங்க. நானே கூடையில வெச்சித் தரேன்."

"இன்னா மேரி இது... இனிமே எடுக்க மாட்டேன். சத்தியமா."

"எடுக்கணும். நானும் கேரியர்ல ஏறிக்கினு வரேன். ஒரு கோழியக் குடுத்துட்டு, அந்தம்மா ஊட்ல ஒரு டம்ளர் தண்ணி கேட்டுக் குடிச்சிட்டு வரலாம்."

"எந்தம்மா? எங்க வரேன்றே?"

"வெள்ளானூருக்கு. ஏரிக்கரையாண்ட கடைசி ஊட்டுக்கு."

தோளிலிருந்த குடம் சரிந்தது. தண்ணீர் அவன் காக்கிச் சட்டையெல்லாம் கொட்டி, தெருவில் ஓடியது. அவன் அதைத் துடைக்கக்கூடக் கையைத் தூக்கவில்லை.

"ஞானம் சொல்லிட்டாளா?" என்றான்.